ஒரு சோக், இரண்டு ட்யூப்லைட்: ஒன்று அணைந்தால் மற்றதும் அணைவது ஏன்?

வீட்டு மின்சாரம் – வாராந்தரப் பகுதி

வாசகி ஒருவரின் கேள்வி இந்த வாரத்துக்குப் போதுமான விஷயத்தைத் தந்திருக்கிறது. பல வீடுகளிலும் சிறு கடைகளிலும் இருக்கும் சிக்கல் என்பதால் முழுதாகவே தருகிறேன்.

“வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷின்களுக்கு மேலே இரண்டடி ட்யூப்லைட் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று அணைந்தால் மற்றதும் அணைந்துவிடுகிறது. இரண்டு ட்யூபையும் ஸ்டார்ட்டரையும் புதிதாக வாங்கிப் போட்டும் எரியவில்லை. ஒரு பட்டியில் சோக்கே இல்லை. சோக் இல்லாமல் அது இத்தனை நாள் எப்படி எரிந்தது? ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கழற்றினேன், அப்போதும் கையில் சுருக்கென்று அடித்தது. பேசாமல் எல்.இ.டி.க்கு மாறிவிடலாமா?”

கேள்விகள் நான்கு. அவர் கடைசிப் பக்கமாகச் சொன்னதைத்தான் நாம் முதலில் எடுக்க வேண்டும். லைட் எரியாவிட்டால் ஒருநாள் வேலை கெடும். அந்த ‘சுருக்’ சாதாரண விஷயம் அல்ல.

ஸ்விட்சை அணைத்தும் ஷாக் ஏன்?

லைட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு வயர் போகிறது. ஸ்விட்ச் ஃபேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் அணைத்ததும் பட்டிக்கு வரும் மின்சாரம் ஸ்விட்ச் பலகையிலேயே நின்றுவிடும். வயர் இழுக்கும்போது மாற்றிப் போட்டு, ஸ்விட்ச் நியூட்ரலில் அமைந்துவிட்டால் என்ன ஆகும்? சுற்று அறுபடுவதால் விளக்கு அணையும். ஆனால் 230 வோல்ட் ஃபேஸ் பட்டி வரை வந்து காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் தொட்டால், உங்கள் உடல் வழியாகத் தரைக்கு இறங்கப் பார்க்கும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். சில பட்டிகளில் சிறிய டப்பா போல கப்பாசிட்டர் இருக்கும். அதில் தேங்கிய மின்சாரம் ஸ்விட்சை அணைத்த பிறகும் சிறிது நேரம் தங்கும். அதனால்தான் அணைத்த உடனே கையை விடக்கூடாது.

ஆகவே, ஸ்டூலில் ஏறுவதற்கு முன் மூன்று வேலைகள்:

1. மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அந்த அறையின் எம்.சி.பி.யை மட்டும் தள்ளினால் போதாது. சாதாரண ஒற்றை எம்.சி.பி. ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும் வீட்டில் அதை நம்ப முடியாது. இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும் மெயின்தான் நம்பகமானது.

2. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். இதைத்தான் அநேகம் பேர் மறக்கிறார்கள். நீங்கள் மெயினை அணைத்ததை ‘கரன்ட் போய்விட்டது’ என்று எடுத்துக்கொண்டு, இன்வெர்ட்டர் தன் கடமையைச் சரியாகச் செய்யும். லைட் லைனுக்கு மறுபடியும் மின்சாரம் வந்துவிடும்.

3. ஐந்து நிமிடம் பொறுத்து, காலில் செருப்புடன், உலர்ந்த கையுடன், மரம் அல்லது பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறுங்கள். கீழே ஒருவர் நிற்கட்டும். லேசான ஷாக்கைவிட, அந்த அதிர்ச்சியில் ஸ்டூலிலிருந்து விழுவதுதான் பல நேரம் பெரிய காயம்.

சகோதரிக்கு: உங்கள் கடையில் முதல் வேலை, வயர்மேனைக் கூப்பிட்டு அந்த ஸ்விட்ச் ஃபேஸில்தான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது. ட்யூப் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. அதுவரை அந்தப் பட்டியைத் தொட வேண்டாம்.

சோக் எதற்கு?

குண்டு பல்புக்கு சோக் கிடையாது. அதன் இழை மின்சாரத்தைத் தானே ஓரளவுக்கு மேல் விடாது. ட்யூப்லைட் அப்படியல்ல. உள்ளே இருப்பது மெல்லிய வாயுவும் துளியளவு பாதரச ஆவியும். அதில் ஒருமுறை மின்சாரம் பாயத் தொடங்கிவிட்டால், பாயப் பாய வழி இன்னும் இலகுவாகும். கட்டுப்பாடில்லாமல் விட்டால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய் ட்யூபோ ஃபியூஸோ போய்விடும். அணைக்கு மதகு மாதிரி, இந்த ஓட்டத்தை அளவோடு விடுவதுதான் சோக்கின் வேலை. இரும்புத் தகடுகள்மேல் சுற்றிய செம்புக் கம்பிச்சுருள். அதனால்தான் அந்தக் கனம்.

சோக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஸ்விட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டர் தன் உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகட்டால் சுற்றை மூடுகிறது. ட்யூபின் இரு முனைகளிலும் உள்ள இழைகள் சூடாகின்றன. பிறகு ஸ்டார்ட்டர் சட்டென்று திறக்கிறது. அந்த நொடியில் சோக் பல நூறு வோல்ட் உதை ஒன்றைக் கொடுக்கிறது. அதில்தான் ட்யூப் பற்றிக்கொள்கிறது. முதல் தடவை பற்றாவிட்டால் மறுபடி, மறுபடி. நாம் பார்க்கும் ‘மினுக் மினுக்’ அதுதான்.

அமெரிக்காவில் 1938-ல் ட்யூப்லைட் விற்பனைக்கு வந்த காலம் தொட்டு இந்த அடிப்படை மாறவில்லை. சோக் இல்லாமல் ட்யூப்லைட் இல்லை.

அப்படியானால் சோக் இல்லாத அந்தப் பட்டி?

அந்தப் பட்டிக்கும் சோக் உண்டு. அது பக்கத்துப் பட்டியில் இருக்கிறது. இரண்டு ட்யூபையும் ஒரே சங்கிலியாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். மின்சாரம் சோக்குக்குள் நுழைந்து, முதல் ட்யூபைக் கடந்து, இணைப்பு வயர் வழியாக இரண்டாவது ட்யூபைக் கடந்து, நியூட்ரலுக்குப் போகிறது. பழைய சீரியல் செட் விளக்கில் ஒரு பல்பு போனால் வரிசையே அணையுமே, அதே கதைதான். ஒரு ட்யூப் போனால் பாதை அறுந்துவிடும், இரண்டும் அணையும்.

இது தில்லுமுல்லு வேலை அல்ல, முறையான இணைப்புதான். இரண்டடி ட்யூப் (18 அல்லது 20 வாட்) எரியும்போது தனக்கு எடுத்துக்கொள்வது 60 வோல்ட்டுக்கும் குறைவு. இரண்டு சேர்ந்தாலும் 120-ஐத் தாண்டாது. 230 வோல்ட்டில் மிச்சத்தை சோக் தாங்கிக்கொள்ளும். அதனால் நாலடி ட்யூபுக்கான 36 அல்லது 40 வாட் சோக் ஒன்று, இரண்டடி ட்யூப் இரண்டை நன்றாகவே எரிய வைக்கும். ஒரு சோக்கின் விலை மிச்சம். சோக் சூடாவதில் வீணாகும் பத்து வாட் போலவும் மிச்சம்.

இதைப் பார்த்துவிட்டு நாலடி ட்யூப் இரண்டை அதே மாதிரி கோத்துப் பார்க்க வேண்டாம். அது ஒவ்வொன்றும் 100 வோல்ட் போல எடுக்கும். இரண்டுக்கும் 200 போய்விட்டால் சோக் கட்டுப்படுத்துவதற்கு என்ன மிஞ்சும்? மாலையில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே இரண்டும் எரியாது. இரண்டு ட்யூபையும் இணையாக, அதாவது அக்கம்பக்கமாக ஒரு சோக்கில் சேர்ப்பதும் உதவாது. முதலில் பற்றிக்கொள்ளும் ட்யூப் வோல்டேஜை இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். இரண்டாவது பற்றவே பற்றாது.

புதிது போட்டும் எரியாதது ஏன்?

இங்கேதான் கடைக்காரரும் நாமும் தவறவிடும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது: ஸ்டார்ட்டர்.

கடையில் ‘ட்யூப்லைட் ஸ்டார்ட்டர்’ என்று கேட்டால் கொடுப்பது தனி ட்யூபுக்கானது. அதன் மேல் 220–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் இரண்டு ட்யூப் வரிசையில் இருக்கும்போது, ஸ்விட்சைப் போட்டதும் 230 வோல்ட் இரண்டு ஸ்டார்ட்டருக்கும் பங்கு பிரிந்து, ஆளுக்கு 115 போலத்தான் கிடைக்கும். பெரிய ஸ்டார்ட்டருக்கு அது போதாது, விழித்துக்கொள்ளவே செய்யாது. உங்களுக்கு வேண்டியது 110–130 வோல்ட், 22 வாட் வரை என்று அச்சிட்ட ஸ்டார்ட்டர். ‘எஸ்2’ என்றோ, ‘சீரிஸ்’ என்றோ அதில் குறிப்பு இருக்கும். அதுவும் இரண்டு வேண்டும், ட்யூபுக்கு ஒன்று. பழைய ஸ்டார்ட்டரைத் தூக்கி எறியாமல் கடைக்கு எடுத்துப் போனால் சிரமமே இல்லை.

எனவே இரட்டைப் பட்டி எரியாவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள். மேலே சொன்ன மூன்று வேலைகளை முடித்துவிட்டு:

• ட்யூப் இரண்டும் ஹோல்டரில் சரியாகத் திரும்பி உட்கார்ந்திருக்கின்றனவா? பாதிப் பழுது இதிலேயே தீர்ந்துவிடும்.

• ஸ்டார்ட்டர் இரண்டும் சரியான வகைதானா?

• எந்த ட்யூபின் முனை கன்னங்கரேலென்று இருக்கிறது? அதன் ஆயுள் முடிந்தது. அதை மட்டும் மாற்றினால் போதும், இரண்டையும் மாற்ற வேண்டும் என்ற சட்டம் இல்லை. சந்தேகமாக இருந்தால், வேறோர் அறையில் எரியும் இரண்டடி ட்யூபை மாட்டிப் பாருங்கள்.

• இவ்வளவுக்கும் எரியாவிட்டால் சோக்கோ இணைப்பு வயரோ காரணம். அது வயர்மேன் வேலை.

தையல்காரருக்கு இன்னொரு எச்சரிக்கை

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. இரும்பு சோக்கில் எரியும் ட்யூப் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேகமாகச் சுழலும் பொருளுக்கு அது தெரியும். மோட்டார் மெஷினின் சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நின்றுவிட்டதுபோலவோ மெதுவாகப் பின்னால் சுற்றுவதுபோலவோ தோன்றும். நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினால் விபரீதம்.

தொழிற்கூடங்களில் இதைத் தவிர்க்க, பக்கத்துப் பக்கத்து ட்யூபுகளுக்குத் தனித்தனி சோக் வைத்து, ஒன்றில் மட்டும் கப்பாசிட்டர் சேர்ப்பார்கள். ஒன்று மங்கும் நொடியில் மற்றது பிரகாசிக்கும். ஒரே சோக்கில் கோத்த இரண்டு ட்யூபுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டும் ஒன்றாகவே மங்கும், ஒன்றாகவே பிரகாசிக்கும். பெட்ரூமுக்கு இது ஒரு பொருட்டில்லை. மெஷின் ஓடும் இடத்துக்கு இது சரியான விளக்கு அல்ல.

எலக்ட்ரானிக் சோக் என்றால்?

கனமில்லாத எலக்ட்ரானிக் சோக்கில் இந்த மினுக்கல் தொல்லை பெரும்பாலும் இல்லை. ட்யூபை நொடிக்குப் பல ஆயிரம் முறை இயக்குவதால் ஸ்டார்ட்டரும் தேவையில்லை. நாலடி ட்யூப் இரண்டை ஓட்டும் இரட்டைச் சோக்கும் உண்டு. கடை, அலுவலகம், பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் இது மாட்டியிருக்கிறது. அமெரிக்க அலுவலகங்களிலும் ஒரு பட்டியின் சோக்கிலிருந்து அடுத்த பட்டி ட்யூபுக்கு வயர் இழுத்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம்.

இப்படி இரண்டு பட்டியை இணைக்கும்போது வயர்மேனிடம் நீங்கள் கவனிக்க வேண்டியவை இவ்வளவுதான்:

• சோக்கின் மூடியில் அச்சிட்டிருக்கும் படத்தின்படியே இணைப்பு இருக்க வேண்டும். வேறு கம்பெனி சோக் மாற்றினால் வயர் நிறம் ஒன்றாக இருந்தாலும் இணைப்பு வேறாக இருக்கலாம்.

• சோக்கிலிருந்து ட்யூபுக்குப் போகும் வயர் நீளமாக இருக்கக் கூடாது. எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பு சொல்லும். அறையின் இந்த மூலையில் சோக், அந்த மூலையில் ட்யூப் என்பது நடக்காது.

• அந்த வயரில் 230-க்கும் மேலான வோல்டேஜ் வரலாம். ஆகவே 1100 வோல்ட் தரம் என்று அச்சிட்ட வீட்டு வயர்தான் வேண்டும். காலிங் பெல் வயர், ஸ்பீக்கர் வயர் எல்லாம் கூடாது.

• இரண்டு பட்டியின் உலோக உடம்புக்கும் எர்த் கொடுத்திருக்க வேண்டும். சோக் இல்லாத பட்டிக்கு எர்த் எதற்கு என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. அதற்குள்ளும் ஷாக் அடிக்கும் வயர்தான் போகிறது.

எல்.இ.டி.க்கு மாறலாமா?

மாறலாம். மாற வேண்டிய காலமும் வந்துவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் உறுப்பினர். அதன்படி ட்யூப்லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் படிப்படியாக நிறுத்த 2023-ல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்திருக்கின்றன. இன்னும் சில ஆண்டுகளில் ட்யூப் தேடி அலைய வேண்டியிருக்கும்.

செலவுக் கணக்கும் சாதகமே. இரண்டு 18 வாட் ட்யூபும் சோக்கும் சேர்ந்து 45 வாட் போல எடுக்கும். 10 வாட் எல்.இ.டி. இரண்டுக்கு 20 வாட். மிச்சம் 25 வாட். தினம் எட்டு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 60 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் வருடம் 480 ரூபாய். உங்கள் கட்டணத்தைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆனால் எப்படி மாறுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

நல்ல வழி: பழைய பட்டி, சோக், ஸ்டார்ட்டர், இணைப்பு வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பட்டியோடு சேர்ந்தே வரும் எல்.இ.டி. விளக்கு இரண்டைத் தனித்தனியாக மாட்டுவது. ஒவ்வொன்றுக்கும் சொந்த ஃபேஸ், சொந்த நியூட்ரல். ஒன்று போனால் மற்றது எரியும். சகோதரிக்கு நான் சொல்வது இதுதான்.

இரண்டாவது வழி: பழைய பட்டியிலேயே எல்.இ.டி. ட்யூபைச் செருகுவது. இதில் இரும்பு சோக்கோடு வேலை செய்வது, எலக்ட்ரானிக் சோக்கோடு வேலை செய்வது, சோக்கை நீக்கி நேரடியாகக் கொடுக்க வேண்டியது என்று வகைகள் உண்டு. ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் போட்டால் எரியாது, அல்லது எரிந்தே போகும். பெட்டியில் உள்ள படத்தைப் படித்த பிறகே வாங்குங்கள். ஒரே சோக்கில் இரண்டு ட்யூப் என்றால், அதற்கு ஏற்றது என்று பெட்டி சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரு எல்.இ.டி., ஒரு பழைய ட்யூப் என்று ஒரே சோக்கில் கலப்படமும் வேண்டாம்.

சில எல்.இ.டி. ட்யூபோடு ஒரு போலி ஸ்டார்ட்டர் வரும். பார்க்க பழையது போலவே இருக்கும். உள்ளே ஃபியூஸ் வழியாக நேர் இணைப்புதான். அதைப் பழைய ட்யூபுக்குப் போடக்கூடாது.

சோக்கை நீக்கி நேரடியாக வயர் கொடுத்திருந்தால், பட்டியின் மேல் பளிச்சென்று ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ‘சோக் இல்லை. எல்.இ.டி. மட்டும். இந்தப் பக்கம் கரன்ட்.’ நாலு வருடம் கழித்து வீட்டுக்கு வேறு குடித்தனம் வரலாம். விவரம் தெரியாமல் ஒரு பழைய ட்யூபை அதில் மாட்டினால், ஒரு முனையின் மெல்லிய இழைக்கு நேரே 230 வோல்ட் பாயும். பளீரென்று எரிந்து, முகத்துக்கு நேரே வெடிப்பது போலாகிவிடும். ஒரு சீட்டு அதைத் தடுக்கும்.

தையல் வேலைக்கு வாங்குபவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண் 80-க்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றாகத் தெரியும். அடுத்து, எரியும் விளக்கை உங்கள் மொபைலின் ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். வெளிச்சம் பலமாகத் துடித்தால் அந்த விளக்கும் மினுக்குகிறது என்று அர்த்தம். மெஷினுக்கு மேலே வேண்டாம்.

பழைய ட்யூபை என்ன செய்வது?

உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. மின்கழிவு சேகரிப்பவரிடம் முழுதாகக் கொடுங்கள். கை தவறி உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். விளக்குமாற்றால் கூட்டினால் பாதரசம் பரவும். தடித்த அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஒட்டும் டேப்பில் ஒற்றி எடுத்து, மூடிய டப்பாவில் போடுங்கள்.

இன்று மாலை உங்கள் வீட்டில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். மெயினை அணைத்த பிறகு எந்தெந்த விளக்கு, ஃபேன் இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்று எழுதி, ஸ்விட்ச் பலகைக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்து ஏணியில் ஏறப்போகிறவருக்கு அந்தக் காகிதம் பெரிய துணை.

அடுத்த வாரம்: அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மெல்ல ஒளிர்வது ஏன்?